உத்தரவு இல்லை

எங்கள் ஆட்டத்தில் புருஷன் ஒரு சட்டை. நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. மூங்கில் கழியில் மாட்டி நடுவில் நிறுத்தி வைப்போம். பார்க்கிறவர்கள் இதைப் பெரிய கற்பனை என்று பாராட்டுவார்கள். உண்மை என்னவென்றால் அந்த வேஷத்துக்கு ஆண்பிள்ளை கிடைக்கவில்லை. ஒருவர் ஒத்திகைக்கு வந்து, தான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக விளக்கம் சொல்லிவிட்டுப் போனார். இன்னொருவர் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி போனை எடுக்காமல் விட்டார். கடைசியில் எங்கள் குழுவை நடத்தும் அக்கா தன் வீட்டுக்காரரின் பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்து கழியில் மாட்டினார். சட்டை எந்த நாளும் லீவு கேட்கவில்லை.

பெண்கள் மட்டும் இருக்கும் சின்னக் குழு. பசுமலையில் ஒரு வாடகை மாடியில் ஒத்திகை பார்ப்போம். கல்லூரி, மகளிர் குழு, ஊர்ப் பொதுத்திடல் என்று கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் போய், வீட்டுக்குள் பெண்கள் அடி வாங்குவதைப் பற்றி ஆடிக் காட்டுவது எங்கள் வேலை. ஆட்டத்தில் வசனம் கிடையாது. நான் சட்டைக்குச் சோறு போடுவேன். அதன் பொத்தான்களைப் போட்டுவிடுவேன். பிறகு சட்டையின் ஒரு கையை என் மணிக்கட்டில் கட்டிக்கொள்வேன். அதற்குப் பிறகு என் கையே என்னை இழுக்கும், அறையும், கீழே தள்ளும். கொண்டை அவிழும். தலைமுடி விரியச் சுற்றிச் சுற்றி ஆடி, ஒரு கட்டத்தில் அந்த முடிச்சை அறுத்துக்கொண்டு சட்டைக்கு முன்னால் அசையாமல் நிற்பேன். அவ்வளவுதான் கதை.

மனைவி வேஷம் எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் ஆட்டம் அல்ல. என்னைவிட நன்றாக ஆடுகிறவர்கள் குழுவில் உண்டு. அடி வாங்கும்போது என் முகத்தில் ஒன்றுமே தெரியாது என்பார் அக்கா. "அழுதேன்னு வை, ஜனம் சீரியல் பாக்குற மாதிரி பாத்துட்டுப் போயிரும். நீ சும்மா இருக்க பாரு, அதுதான் பயமா இருக்கு." இதை என் திறமை என்று அவர் நினைத்திருந்தார். நான் எதையும் நடிக்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, நம் கன்னம்தான், ஆனால் யாருடையதோ போல இருக்கும். எனக்கு உடம்பு முழுக்கச் சில வருஷங்களாக அப்படித்தான் இருந்தது.

கல்யாணமாகித் தேனிப் பக்கம் போனவள் நான். முதல் தடவை அடி தாங்காமல் வில்லாபுரத்துக்கு வந்தபோது, அம்மா கொஞ்ச நாள் வைத்திருந்தாள். முறுக்குச் சுட்டாள். அதை ஒரு தூக்குவாளியில் போட்டுக் கொடுத்து, என்னைத் தேனி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். அடுத்த தடவை நான் யாரிடமும் சொல்லாமல் வந்தேன். அப்புறம் போகவில்லை. அப்பா முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது நானும் அம்மாவும் ஒரே வீட்டில், ஒரே டிவியின் முன்னால், பழைய கதையைத் தொடாமல் வாழ்கிறோம். காலையில் இரண்டு அடுக்குமாடி வீடுகளில் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லித் தருகிறேன். சாயங்காலம் சட்டையிடம் அடி வாங்குகிறேன். வண்டி ஓடுகிறது.

ஆட்டம் முடிந்ததும் அக்கா கூட்டத்தைப் பார்த்து, "இந்தச் சட்டை யாரு வீட்லயாவது இருக்கா?" என்று கேட்பார். கல்லூரிகளில் கை தட்டுவார்கள். ஊர்களில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். கொஞ்சம் விட்டு வயசான ஒருத்தி, "எங்க ஊர்ல அதெல்லாம் இல்லம்மா. கோவம் வந்தா கை நீட்டுவாங்க, அம்புட்டுத்தான். அடிக்கவெல்லாம் மாட்டாங்க" என்பாள். கை நீட்டுவதற்கும் அடிப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று அக்கா கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் ஓரமாக நின்று தண்ணீர் குடிப்பேன். என் அம்மாவும் உறவுக்காரர்களிடம் அப்படித்தான் சொல்லியிருந்தாள்: மாப்பிள்ளை நல்லவர்தான், கை நீட்டுவார்.

அந்த ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே இருந்தது. மகளிர் குழுவில் கூப்பிட்டிருந்தார்கள். நாங்கள் போன நேரம் ஊரில் சாமி சாட்டியிருந்தார்கள். அம்மன் கோயில் திருவிழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது, காப்புக் கட்டியாகிவிட்டது. தெருவெல்லாம் வேப்பிலைத் தோரணம். "தேதியை மாத்திச் சொல்லியிருக்கலாம்" என்று அக்கா முணுமுணுத்தார். வந்தாயிற்று, இனி என்ன செய்வது என்று திடலை ஒட்டியிருந்த வீட்டில் எனக்கு உடை மாற்ற இடம் கேட்டார்கள்.

அந்த வீட்டுக்கார அம்மாவே எனக்குச் சேலை கட்டிவிட்டார். ஆடும்போது அவிழாமல் இருக்கப் மடிப்பு மடிப்பாக எடுத்து ஊக்குக் குத்த வேண்டும். சொன்ன இடத்தில் சரியாகக் குத்தினார். அறை மூலையில் அவருடைய மகள் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். ஒரு பக்கத் தாடை வீங்கி, கண்ணுக்குக் கீழே மஞ்சளும் பச்சையுமாக ஆகியிருந்தது. மஞ்சள் வந்துவிட்டால் ஆறுகிறது என்று அர்த்தம். எனக்குத் தெரியும்.

நான் எதுவும் கேட்கவில்லை. அந்த அம்மாதான் சொன்னார். "நாளைக்கு மாப்ள வீட்டுல இருந்து வாராங்க தாயி, கூட்டிட்டுப் போக. எம்மகன் பேசி முடிச்சிட்டான்."

மகள் வெங்காயத்தைப் பார்த்தபடியே, "போனா இந்தத் தடவை கொன்னுருவாரு" என்றாள். மழை வரும் போல இருக்கு என்று சொல்கிற குரலில் சொன்னாள். அந்தக் குரலை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை, என்னிடம் தவிர.

எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருந்த வாக்கியங்களை நான் ஒப்பித்தேன். இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது. கலெக்டர் ஆபீசில் இதற்கென்று ஓர் அதிகாரி இருக்கிறார். போக மாட்டேன் என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது. எல்லாம் சரியான வாக்கியங்கள். அவள் போனைப் புருஷன் உடைத்துவிட்டான் என்றாள். அந்த அம்மா, "அண்ணன் பேச்ச மீறி எப்பிடிம்மா இருக்க முடியும்? வீடு அவன் வீடு. நானே அவன் போடுற சோத்தத்தான் திங்கிறேன்" என்றார்.

அண்ணன்காரன் வெளியே நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான். நல்ல பிள்ளையாகத்தான் இருந்தான். எங்களுக்கு டீ சொல்லிவிட்டதும் அவன்தான். அடிக்கிறவனிடம் தங்கையைத் திருப்பி அனுப்புகிறவர்கள் எல்லாம் மீசையை முறுக்கிக்கொண்டா இருக்கிறார்கள்? "அக்கா, ஆட்டம் ஒரு மணி நேரம் ஓடுமா?" என்று மரியாதையாகக் கேட்டான். அவன் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெங்காய வாடை மட்டும் கண்ணில் எரிந்தது.

பொழுது சாயும் நேரம் ஆட்டத்தைத் தொடங்கினோம். சட்டைக்குச் சோறு போட்டு முடிப்பதற்குள் கரன்ட் போய்விட்டது. எங்கள் பாட்டு முழுவதும் ஒரு பென் டிரைவில் இருக்கிறது. ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. இரண்டு பையன்கள் பைக்கைக் கொண்டுவந்து ஹெட்லைட்டைப் போட்டார்கள். திருவிழாவுக்கு வந்திருந்த உறுமிக்காரர் இருவர் கூட்டத்தில் இருந்தார்கள். "நீங்க ஆடுங்கம்மா, நாங்க அடிக்கிறோம்" என்றார் ஒருவர். அக்கா யோசித்தார். கூட்டம் கலையத் தொடங்கியிருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டார்.

எங்கள் பாட்டு வீணையும் புல்லாங்குழலுமாக மெதுவாகப் போகும். உறுமி அப்படிப் போகாது. அது வயிற்றுக்குள் இருந்து இழுக்கும். நான் கால்களை அதற்குக் கொடுத்துவிட்டேன். சட்டைக் கை என்னை அறைந்தது, தள்ளியது, முடி அவிழ்ந்தது. மஞ்சள் சேலை, விரித்த முடி, முன்னால் பைக் வெளிச்சம், காதில் உறுமி. நான் சுற்றிக்கொண்டிருந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குலவைச் சத்தம் எழுந்தது. அதைத் தொட்டு இன்னொன்று. அப்புறம் திடல் முழுக்கக் குலவை.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. ஆட்டத்துக்குத்தான் பாராட்டுகிறார்களோ என்று நினைத்தேன். யாரோ, "ஆத்தா எறங்கிட்டாடா" என்று கத்தியபோதுதான் விளங்கியது. எனக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். உறுமிக்காரர்களுக்கும் அது சந்தோஷம். இன்னும் வேகமாக அடித்தார்கள். சட்டையைக் கட்டியிருந்த முடிச்சை அறுத்துக்கொண்டு, வழக்கம்போல அசையாமல் நின்றேன். உறுமியும் நின்றது.

எனக்குச் சேலை கட்டிவிட்ட அந்த அம்மா கையில் வேப்பங்குழையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என் காலடியில் விழுந்தார். எழுந்து முட்டி போட்டபடி, திடலில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஆத்தா! எம்மகள அவன் அடிச்சு மூஞ்சிய ஒடச்சு அனுப்பியிருக்கான். நாளைக்குத் திரும்பக் கூப்புட வாரான். அனுப்பட்டுமா? நீ உத்தரவு குடு தாயி."

அண்ணன்காரன் முன்னால் வந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கை கூப்பி நின்றான். அவனுக்குப் பின்னால் மகள் நின்றாள்.

அக்கா ஓரத்தில் இருந்து கையை ஆட்டினார். நாடகம்னு சொல்லு, நாடகம்னு சொல்லு என்று அவர் உதடு சொன்னது. நியாயம்தான். மூடநம்பிக்கைக்கு இடம் கொடுக்கக் கூடாது, யாருக்காகவும் நாம் முடிவெடுக்கக் கூடாது, இரண்டும் எங்கள் குழுவின் விதி. ஆனால் நான் சாமி இல்லை என்று சொன்னால் நாளைக் காலையில் இந்தப் பெண் போக வேண்டும். அனுப்பாதே என்று சொன்னால் ஊரையே ஏமாற்றியவள் ஆவேன். இப்படியெல்லாம் நான் அப்போது நிதானமாக எடைபோட்டுப் பார்த்ததாகச் சொன்னால் அது பொய். நடந்தது வேறு. என் வாய் பூட்டிக்கொண்டது.

இது எனக்குப் புதிது இல்லை. ஓர் ஆண் எதிரில் நின்று என்னிடம் பதில் எதிர்பார்த்தால் என் தாடை இறுகிவிடும். தேனியில் இருந்தபோது, "பதில் சொல்லுடி" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். பதில் தொண்டை வரை வந்து நிற்கும். சொல்லாததற்கு ஓர் அறை விழும். அதற்கும் சொல்ல மாட்டேன். திமிர் என்றார்கள் மாமியார் வீட்டில். அதே திமிர்தான் அன்றைக்கு அந்த ஊர்த் திடலில் மஞ்சள் சேலை கட்டி நின்றது.

அந்த அம்மா மறுபடியும் கேட்டார். "சொல்லு ஆத்தா. அனுப்பட்டுமா?" நான் நின்றேன். மறுபடியும் கேட்டார். என் கண் எங்கோ நிலைகுத்தியிருந்தது.

கூட்டத்தில் இருந்து ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். "வாயே தெறக்கலையேப்பா. கேட்டுக் கேட்டும் சொல்லலைன்னா உத்தரவு இல்லைன்னுதான் அர்த்தம்."

அண்ணன்காரன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "சரி ஆத்தா. உன் சொல்லுக்கு மறுசொல்லு கெடையாது. அனுப்பல" என்றான். மறுபடியும் குலவை. யாரோ என் நெற்றியில் துண்ணூறைப் பூசினார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். "சாமி மலையேறிருச்சு, வழிவிடுங்க" என்று பெண்கள் என்னைத் தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அன்றைக்கு அக்கா யாரிடமும் சட்டையைப் பற்றிக் கேள்வி கேட்கவில்லை.

வேனில் திரும்பும்போது பொரிந்து தள்ளினார். "விழிப்புணர்வு குடுக்கப் போயி குறி சொல்லிட்டு வந்திருக்கோம். வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க. சட்டம் இருக்கு, உரிமை இருக்குன்னு சொல்றதுக்கு ஊர் ஊராப் போறோம், கடைசில ஆத்தா சொன்னாத்தான் கேப்பானாம்." அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து உறுமி கிடையாது, மஞ்சள் சேலை கிடையாது, கொண்டை அவிழாமல் ஆட வேண்டும் என்று முடிவானது. நான் சரி என்றேன். நல்லது செய்துவிட்டோம் என்றும் தோன்றவில்லை, கெட்டது செய்துவிட்டோம் என்றும் தோன்றவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தூங்கிவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து உசிலம்பட்டியில் ஒரு கல்லூரியில் ஆட்டம். முடிந்ததும் எனக்கு மறுநாள் காலை வகுப்பு இருந்ததால், மற்றவர்களுக்கு முன்னால் கிளம்பி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். சந்தை நாள். கூட்டத்தில் அந்த அம்மாதான் என்னை முதலில் பார்த்தார். கத்தரிக்காய்ப் பையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் போகவில்லை என்றார். மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கிறார்கள். ஆத்தா உத்தரவு கொடுக்கவில்லை என்று மகன் வாசலிலேயே சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டான். இப்போது அவள் டவுன் பஸ்ஸில் தினமும் ஒரு தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். தாடை ஆறிவிட்டது. ஒரு பல் மட்டும் இல்லை.

எனக்கு அக்காவின் விதிகள் ஞாபகம் வந்தன. சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். "அம்மா, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு எம்மேல சாமி எதுவும் வரல. அது ஆட்டந்தான். கரன்ட் போனதால அப்படி ஆயிருச்சு."

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போல ஒரு சிரிப்பு. "தெரியும் தாயி. எந்தச் சாமி சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டுட்டு ஆடும்?"

"அப்புறம் ஏன் கால்ல விழுந்தீங்க?"

"எம்மகன் எம்பேச்சக் கேக்க மாட்டான். போலீசு சொன்னாலும் கேக்க மாட்டான். ஆத்தா சொன்னாக் கேப்பான். உறுமி அடிச்சதும் நீ முடிய விரிச்சுப்போட்டு ஆடுனியா, இதை விட்டா நேரம் கெடைக்காதுன்னு தோணுச்சு. மொதக் கொலவை யாரு போட்டதுன்னு நெனச்ச?"

"நான் அனுப்பச் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்றேன்.

"நீ சொல்ல மாட்ட. சேலை கட்டுற நேரம் அம்புட்டும் அவ மூஞ்சியத்தான பாத்துக்கிட்டு நின்ன" என்றார். அவருடைய பஸ் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் ஏறிவிட்டார்.

மதுரை பஸ்ஸில் எனக்கு இடம் கிடைத்தது. செக்கானூரணி தாண்டும்வரை ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு நெஞ்சுக்குள் ஏதோ கசந்து மேலே வந்தது. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பொறாமை. பல் போன அந்தப் பெண்ணின் மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை. ஊர் நடுவில் பொய்க் குலவை போட்டு, ஆடவந்த ஒருத்தியின் காலில் விழுந்து, பெற்ற மகளைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு தாய் அவளுக்கு இருந்தாள். எனக்கு ஒரு தூக்கு முறுக்குதான் வந்தது. எத்தனையோ வருஷம் கழித்து எனக்கென்று ஒன்று தோன்றியது, அது இதுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "என்னம்மா, மயக்கமா வருதா?" என்று கேட்டு ஜன்னலைத் திறந்துவிட்டார்.

வில்லாபுரம் வந்து சேர்ந்தபோது அம்மா டிவி பார்த்தபடி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் தொடாத பேச்சு.

"ஏம்மா, அப்ப என்னயத் தேனிக்குத் திருப்பி அனுப்புனியே. அனுப்பலாமா, வேண்டாமான்னு யாருகிட்டயாச்சும் ஒரு வார்த்த கேட்டியா?"

அம்மா டிவி சத்தத்தைக் குறைத்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கையில் இருந்த இணுக்கை முழுக்க உருவி முடித்தாள்.

"கேட்டனே."

"யாருகிட்ட?"

"உங்கிட்டத்தான். பஸ்ஸு ஏத்துன அன்னைக்குக் காலைல, தலை சீவி விடயில, 'போறியாடி'ன்னு கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். நீ வாயே தெறக்கல. சரி, சம்மதந்தான் போலன்னு ஏத்திவிட்டேன்."